ஓல்ட் மேன் ஆஃப் கோனிஸ்டன்: சிலேட் குவாரிகள் வழியாக ஒரு முழுச்சுற்று மலையேற்றம்

வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், கோனிஸ்டன் ஏரிக்கு மேலே எழும் 803 மீட்டர் மலைதான் ஓல்ட் மேன் ஆஃப் கோனிஸ்டன். இதன் கிழக்கு முகம் முழுவதும் மனிதர் குடைந்தது. பல நூற்றாண்டுகளாகப் பச்சை சிலேட் கல் எடுத்த குழிகளும், சுரங்க வாய்களும், கல்லை இறக்கிய கம்பிவடங்களும், கூரையிழந்த பட்டறைச் சுவர்களும் நீங்கள் ஏறும் பாதையின் இருபுறமும் கிடக்கின்றன. உச்சி ஏறி வந்த வழியே திரும்புவோர்தான் அதிகம். இங்கே சொல்லப்போவது அதைவிட நீளமானது: குவாரிகள் வழியே ஏறி, உயர்ந்த முகட்டில் நடந்து, பிரிசன் பேண்ட் என்ற பாறை முதுகில் இறங்கி, பழைய செப்புச் சுரங்கப் பள்ளத்தாக்கு வழியாகக் கிளம்பிய இடமான கோனிஸ்டன் ஊருக்கே திரும்பும் சுற்று.

முதலிலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் உள்ள அகலமான, தெளிவான பாதைகள் உச்சிக்குப் போவதற்காகப் போடப்பட்டவை அல்ல. கல் இருந்த இடத்துக்குப் போவதற்காகப் போடப்பட்டவை. கல் தீர்ந்த இடத்தில் பாதையும் தீர்ந்துவிடும். மூடுபனியில் இங்கே வழி தவறுவோர் பெரும்பாலும் புதருக்குள் நுழைந்து தவறுவதில்லை. நல்ல சாலைபோலத் தெரியும் ஒரு கிளைப்பாதையை நம்பிப் போய்த் தவறுகிறார்கள்.

கணக்கு: தூரம், ஏற்றம், நேரம்

மொத்தத் தூரம் சுமார் 13 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 900 மீட்டர். ஊட்டியே 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும்போது 803 மீட்டர் என்ன பெரிய உயரம் என்று தோன்றலாம். ஊட்டிக்கு வண்டி போகிறது. இங்கே கடல்மட்டத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டரில் கிளம்பி, ஒவ்வொரு மீட்டரையும் காலால் ஏற வேண்டும். மேலே மரம் கிடையாது, ஒதுங்கக் கடை கிடையாது. ஐரிஷ் கடலிலிருந்து வரும் காற்றுக்கு முன்னால் வேறு தடுப்பும் அதிகமில்லை.

நேரத்தைக் கணிக்க மலையேறிகள் பின்பற்றும் பழைய விதி இது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. அதன்படி நான்கு மணி நேரம் வரும். அந்தக் கணக்கில் பாறை இறக்கமும் ஓய்வும் குவாரிகளைப் பார்க்கும் நேரமும் சேரவில்லை. ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். முதல் முறை போவோருக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம்.

எந்தத் திசையில் சுற்றுவது

கோயிலை வலம் வருவதுபோல வலஞ்சுழியாகப் போங்கள். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சிலேட் சிதறிய செங்குத்துச் சரிவில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். அதைக் காலையில், கால் தெம்பாக இருக்கும்போதே ஏறி முடித்துவிடலாம். இரண்டாவது, உச்சியை அடைந்ததும் வானிலையைப் பார்த்து, மேலே போவதா வந்த வழியே திரும்புவதா என்று முடிவெடுக்க முடியும். மூன்றாவதுதான் பெரிய வசதி. இப்படிச் சுற்றும்போது லெவர்ஸ் வாட்டர் ஏரியும் சுரங்கப் பள்ளத்தாக்கும் முகடு முழுவதும் உங்கள் வலக்கைப் பக்கமே இருக்கும். எந்த இடத்திலாவது பள்ளத்தாக்கு இடப்பக்கம் வந்துவிட்டால் நில்லுங்கள், வரைபடத்தை எடுங்கள்.

பிரிசன் பேண்ட் ஏறுவதற்கு எளிது, இறங்குவதற்குச் சிரமம் என்று சொல்லி எதிர்த்திசையில் போவோரும் உண்டு. அது நியாயமான வாதம். ஆனால் பிரிசன் பேண்ட் சொரசொரப்பான எரிமலைப் பாறை. காலணி பிடித்து நிற்கும். வழுவழுப்பான சிலேட் சில்லுகள் மேல் களைத்த முழங்காலோடு மாலையில் இறங்குவதைவிட அதுவே மேல்.

எடுத்துப்போக வேண்டியவை

காலணிதான் முதல். அடிப்பாகம் கெட்டியாக, கணுக்காலை மூடுவதாக இருக்க வேண்டும். ஓட்டப்பயிற்சிக் காலணியின் மெல்லிய அடியில் சிலேட்டின் கூர் விளிம்பு அழுத்தும். இரண்டு மணி நேரத்தில் பாதம் வலிக்கத் தொடங்கும். புதுக் காலணியை இங்கே முதன்முதலாகப் போடாதீர்கள்.

உடையில் பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் கண்டிப்பாக வேண்டாம். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, நடுவில் ஃபிளீஸ், வெளியே மழை புகாத மேலங்கியும் கால்சட்டையும். ஏறும்போது 150 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் குளிர் கூடும். ஊரைவிட உச்சி ஐந்து டிகிரி குளிர்ந்திருக்கும், காற்றைச் சேர்த்தால் இன்னும் அதிகம். ஜூலையிலும் தொப்பியும் கையுறையும் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குவாரிக்கும் செப்புச் சுரங்கத்துக்கும் கீழே ஓடும் ஓடைகள் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது; பழைய சுரங்கங்களிலிருந்து உலோகம் கரைந்து வரக்கூடும். உணவில் சிறு குறிப்பு: புளியோதரை கெடாதுதான். ஆனால் உச்சிக் காற்றில் கையுறையைக் கழற்றிச் சோறு உண்பது முடியாத காரியம். சப்பாத்திச் சுருளோ ரொட்டியோ வசதி. கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் போன்றவற்றைச் சட்டைப் பையில் தனியாக வையுங்கள், நடந்துகொண்டே சாப்பிட.

வரைபடம்: ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்6 தாள், 1:25,000 அளவு. கைப்பேசியில் வரைபடம் இருந்தாலும் காகிதமும் திசைகாட்டியும் வேண்டும். குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். திசைகாட்டி பார்க்கும்போது பழைய தண்டவாளம், கம்பிவடம், இரும்புத் துண்டு எதன் அருகிலும் நிற்காதீர்கள். முள் இரும்பின் பக்கம் திரும்பிப் பொய் சொல்லும். குவாரிப் பகுதியில் இது கற்பனைப் பயமல்ல. இரும்பு எங்கும் கிடக்கிறது. இருபது தப்படி தள்ளிப் போய்ப் பாருங்கள்.

இவற்றுடன் தலைவிளக்கு, விசில், ஒருவர் உள்ளே படுக்கக்கூடிய பிளாஸ்டிக் பாதுகாப்புப் பை, முதலுதவிப் பொருட்கள்.

போய்ச் சேர்வது

லண்டனிலிருந்து யூஸ்டன் ரயிலில் ஆக்ஸன்ஹோம் வந்து, அங்கே மாறி விண்டர்மியர். விண்டர்மியரிலிருந்து ஆம்பிள்சைட், ஹாக்ஸ்ஹெட் வழியாக 505 பேருந்து கோனிஸ்டன் வருகிறது. திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்பதைக் கிளம்பும்முன் பார்த்துவிடுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும்.

காரில் வருவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஊருக்கு மேலே வால்னா ஸ்கார் சாலை முடிவில் ஒரு நிறுத்துமிடம் உண்டு. அங்கே நிறுத்தினால் தொடக்கத்தில் ஏறக்குறைய 170 மீட்டர் ஏற்றம் மிச்சம். ஆனால் இந்தச் சுற்று முடிவது கீழே ஊரில். மிச்சம் பிடித்த ஏற்றத்தை ஆறு மணி நேர நடைக்குப் பிறகு வட்டியோடு ஏற வேண்டியிருக்கும். வண்டியை ஊரிலேயே நிறுத்துங்கள்.

காலையில் மலை வானிலை அறிக்கையைப் படியுங்கள். ஊர் வானிலையல்ல, லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் தரும் மலையுச்சி அறிக்கை. அதில் பார்க்க வேண்டியவை மூன்று: உச்சியில் காற்று வேகம், மேகத்தின் அடிமட்டம், மழை தொடங்கும் நேரம். காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டினால் முகட்டு நடையை விட்டுவிடுங்கள். மேகம் 600 மீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால், திசைகாட்டி பிடிக்கத் தெரிந்தவர் குழுவில் இல்லாத பட்சத்தில் உச்சிக்குக் கீழே இருக்கும் லோ வாட்டர் குளம் வரை போய்த் திரும்புங்கள். குவாரிகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும், ஏமாற்றமாக இருக்காது.

முதல் கட்டம்: ஊரிலிருந்து மைனர்ஸ் பிரிட்ஜ்

சன் இன் விடுதியின் அருகிலிருந்து கிளம்பி, பண்ணைவழியாகச் சர்ச் பெக் ஓடையின் கரையைப் பிடியுங்கள். ஓடை உங்கள் வலப்பக்கம். இங்கே ஓடையைப் 'பெக்' என்பார்கள். மலை 'ஃபெல்', கணவாய் 'ஹாஸ்', மலைக்குளம் 'டார்ன்'. எல்லாம் ஆயிரம் ஆண்டுக்குமுன் வந்து குடியேறிய நார்ஸ் மக்கள் விட்டுப்போன சொற்கள். வரைபடத்தைப் படிக்க இந்த நான்கும் போதும்.

இருபத்தைந்து நிமிடத்தில் அருவிகளின் மேல் ஒரு கல்பாலம் வரும். இதுதான் மைனர்ஸ் பிரிட்ஜ். இப்போது பாலத்தைக் கடக்காதீர்கள். மாலையில் மறுகரை வழியே இறங்கி வரும்போது இதே பாலத்தைப் பார்ப்பீர்கள். சுற்று இங்கேதான் மூடுகிறது.

இரண்டாம் கட்டம்: குரோபெர்ரி ஹாஸ் வரை

பாலத்தை வலப்பக்கம் விட்டு நேரே ஏறுங்கள். புல்லும் பெரணியும் மண்டிய சரிவு, ஒரு சிறு ஓடையைக் கடந்து மேலேறும். கோடையில் பெரணிச் செடிகளில் உண்ணி இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஹெர்ட்விக் என்ற இவ்வூர்ச் செம்மறிகள் பாதையிலேயே நிற்கும். நாய் கொண்டுவந்தால் கயிற்றில் பிடியுங்கள்.

கிளம்பி ஒரு மணி நேரத்தில் குரோபெர்ரி ஹாஸ். இங்கே வால்னா ஸ்காரிலிருந்து வரும் அகன்ற குவாரிச் சாலை நம் பாதையோடு சேர்கிறது. இதுவரை தனியாக வந்திருப்பீர்கள். இனி கூட்டம் இருக்கும்.

மூன்றாம் கட்டம்: குவாரிகள்

இந்தச் சுற்றின் உயிர் இங்கேதான். அவசரப்படாதீர்கள், முக்கால் மணி நேரமாவது கொடுங்கள்.

கல்லைப் பற்றி முதலில். சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே எரிமலைகள் இருந்தன. அவை கக்கிய நுண்சாம்பல் நீரில் படிந்து அடுக்கடுக்காக இறுகியது. பிறகு, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தட்டுகள் மோதிய அழுத்தத்தில் அந்தக் கல் நசுங்கியது. அதனுள்ளிருந்த தட்டையான கனிமத் துகள்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. சிலேட் பிளப்பது அந்தத் திசையில்தான், சாம்பல் படிந்த அடுக்கின் திசையில் அல்ல. நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் எழுதிய சிலேட்டுப் பலகையும் இப்படி நசுங்கிப் பிளக்கும் கல்தான். அது சேற்றுப்படிவிலிருந்து வந்த கறுப்பு நிறக் கல், இது எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த பச்சைக்கல். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளவு முகம் சமமாக இருக்கும். அதன் மேல் வேறொரு கோணத்தில் ஓடும் மெல்லிய வண்ணக் கோடுகள்தான் பழைய சாம்பல் அடுக்குகள்.

பாதை வளைந்து வளைந்து சேடில்ஸ்டோன்ஸ் குவாரிக்குள் ஏறும். துருப்பிடித்த தடித்த கம்பிவடங்கள் பாதைக்குக் குறுக்கே கிடக்கும், சாய்ந்த கோபுரத்தின் மரச்சட்டங்கள் தெரியும். மேலே பிளந்த கல்லை ஆகாயக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே இறக்கிய ஏற்பாட்டின் மிச்சம் இது. கீழே வந்த கல், 1859இல் கோனிஸ்டனுக்கு ரயில் வரும்வரை, ஏரியில் படகேறித் தென்முனையான நிப்தவெயிட்டுக்குப் போய், அங்கிருந்து வண்டியில் கிரீனாட் துறைமுகம் சேர்ந்தது. அந்த ரயிலும் 1958இல் பயணிகளுக்கு நின்றுபோனது.

குவாரியைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. எந்த மட்டத்தில் நின்றாலும் மூன்று பொருள் ஒரே வரிசையில் இருக்கும். மலைப்பக்கம் ஒரு சுரங்க வாய் அல்லது வெட்டுமுகம். அதன் முன்னால் சமதளமான மேடை. கல்லைப் பிளந்து சீவிய பட்டறைகளின் சுவர்கள் அதில்தான் நிற்கும். மேடைக்கு அப்பால், பள்ளத்துப் பக்கம், கழிவுக்கல் கொட்டிய சரிவு. வெட்டிய கல்லில் கூரைக்கு உதவியது சிறு பங்குதான். மீதி எல்லாம் வாசலுக்கு எதிரே கொட்டப்பட்டு, அந்தக் கொட்டலே மேடையை நீட்டிக்கொண்டு போனது. ஆகவே மேடையின் விளிம்பு கெட்டி நிலமல்ல. கட்டாத கல் குவியலின் உதடு. பனிமூட்டத்தில் சமதளப் பாதை என்று நம்பிப் போவோர் வந்து நிற்பது இந்த உதட்டில்தான். ஏறிக்கொண்டிருந்த பாதை திடீரென்று சமமாகி, இருபுறமும் இடிந்த சுவர் தெரிந்தால், பிரதான பாதையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். வந்த தடத்திலேயே திரும்பிப் பிரிந்த இடத்தைப் பிடியுங்கள். சரிவில் குறுக்கே வெட்டிப் பாதையைப் பிடிக்கலாம் என்று கழிவுக்கல்லில் இறங்காதீர்கள்.

ஈரச் சிலேட்டில் நடக்கத் தனி உத்தி வேண்டும். பிளவு முகம் வழுக்கும், உடைந்த விளிம்பு வழுக்காது. அதனால் படுத்திருக்கும் பலகையின் நடுவில் மிதிக்காமல், நிமிர்ந்திருக்கும் விளிம்புகளின் மேல் பாதத்தை வையுங்கள். பெரிய பலகை ஒன்றின் ஒரு முனை புதைந்து மறுமுனை வெளியே நீட்டியிருந்தால், புதைந்த முனையில் மிதியுங்கள். நீட்டிய முனையில் மிதித்தால் பலகை தூக்கிக் கணுக்காலில் அடிக்கும். கம்பிவடத்தின் மேல் மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். பிரிந்த இழைகள் கால்சட்டையைக் கோத்து இழுத்துவிடும்.

சுரங்க வாய்கள் கண்ணை இழுக்கும். வாசலில் நின்று பாருங்கள், குளிர்ந்த காற்று முகத்தில் அடிப்பதை உணருங்கள், அதோடு சரி. உள்ளே 'குளோஸ்ஹெட்' எனப்படும், கல் வெட்டியெடுத்த பெரிய கூடங்கள் இருக்கின்றன. அவற்றின் கூரை எப்போது உதிரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தரையில் தேங்கிய நீர் கணுக்கால் ஆழம்போலத் தெரியும்; அடியில் கீழ்மட்டத்துக்கு வெட்டிய குழி இருந்தால் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். பிள்ளைகளோடு வந்தால் இந்தப் பகுதி முழுவதும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருள் எதையும் எடுத்துவராதீர்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. துருப்பிடித்த ஆணியானாலும் அது அங்கேதான் இருக்க வேண்டும்.

நான்காம் கட்டம்: லோ வாட்டர், உச்சி

குவாரியைத் தாண்டிச் சிறிது ஏறியதும், பாறைக் கிண்ணத்துக்குள் லோ வாட்டர் குளம். உயரம் 544 மீட்டர். வெயில் பட்டால் நீலப்பச்சையாக மின்னும். இங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். உச்சியில் காற்று விடாது. கிளம்பி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியும் இப்போதுதான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்றால், உச்சியோடு நிறுத்திக்கொண்டு வந்த வழியே இறங்குவது என்று இங்கேயே தீர்மானியுங்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக அமைவதில்லை.

குளத்துக்கு இடப்பக்கமாகச் செங்குத்தாக வளைந்தேறும் பாதைதான் அடுத்தது. 260 மீட்டர் ஏற்றம், நாற்பது நிமிடம். பல இடங்களில் கல் பாவியிருக்கிறது. வளைவுகளைக் குறுக்கே வெட்டாதீர்கள்: உங்கள் காலிலிருந்து உருளும் கல் கீழ் வளைவில் வருபவர் தலைக்குத்தான் போகும். கல் உருண்டுவிட்டால் உரக்கக் குரல் கொடுங்கள்.

குளிர்காலத்தில் இந்தச் சரிவு வேறு மலை. வெயில் அதிகம் படாத முகம் என்பதால் பனி இறுகிக் கண்ணாடியாகிவிடும். வழுக்கினால் குளத்துக் கிண்ணம் வரை தடுப்பில்லை. பனிக்கோடரியும் காலில் மாட்டும் முள்தகடும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதவர்கள் பனி தெரிந்தால் ஏறவே கூடாது.

உச்சியில் சிலேட்டால் கட்டிய பெரிய மேடையும் அதன் மேல் கற்கூம்பும் நிற்கின்றன. தெளிந்த நாளில் தெற்கே மோர்கம் விரிகுடா, மேற்கே கடலுக்கு அப்பால் ஐல் ஆஃப் மேன், வடக்கே இங்கிலாந்தின் உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக். காலடியில் நீண்டு கிடக்கும் கோனிஸ்டன் ஏரியில்தான் 1967 ஜனவரி 4 அன்று வேகச் சாதனைக்கு முயன்ற டொனால்ட் கேம்பெல் தம் புளூபேர்ட் படகோடு உயிரிழந்தார்.

ஐந்தாம் கட்டம்: முகடு

உச்சியில்தான் முதல் பெரிய தவறு நேர்கிறது. இரண்டு பாதைகள் தெளிவாகத் தெரியும். ஒன்று இடப்பக்கமாக, மேற்கே கோட்ஸ் ஹாஸுக்கு இறங்கி டோ கிராக் பக்கம் போகிறது. நமக்கு அது வேண்டாம். நம் வழி முகட்டை ஒட்டி வடக்கு-வடமேற்காகப் பிரிம் ஃபெல் நோக்கிப் போகிறது. மூடுபனியில் கூட்டத்தைப் பின்தொடராமல் திசைகாட்டியைப் பாருங்கள். பிரிம் ஃபெல் 796 மீட்டர். இடையில் இறக்கம் அதிகமில்லை, அகலமான புல்முதுகு, இருபது நிமிட நடை. குவாரிச் சில்லுகள் இல்லாத இந்த நடை உடம்புக்கு நல்ல ஓய்வு.

அங்கிருந்து வடக்கே லெவர்ஸ் ஹாஸ் கணவாய், சுமார் 685 மீட்டர். வலப்பக்கம் கீழே லெவர்ஸ் வாட்டர் ஏரி. யாருக்காவது முடியவில்லை என்றாலோ வானிலை கெட்டாலோ இங்கிருந்து கிழக்கே ஏரிக்கு இறங்கிவிடலாம். செங்குத்தான, உதிரிக்கல் நிறைந்த சரிவு, ஆனால் முகட்டுக் காற்றிலிருந்து விடுதலை. ஏரிக்கரையில் நம் திரும்பும் வழியைப் பிடித்துவிடலாம்.

கணவாயிலிருந்து சுவர்ல் ஹவ் உச்சிக்கு 120 மீட்டர் ஏற்றம். வலப்பக்கம் லிட்டில் ஹவ் கிராக்ஸ், கிரேட் ஹவ் கிராக்ஸ் பாறைகள் செங்குத்தாக அறுந்து நிற்கும், இடையிடையே ஆழமான பிளவுகள். பாதை விளிம்புக்கு இடப்பக்கமாகவே போகிறது. படம் எடுக்க விளிம்புக்குப் போகும்போது காற்றின் திசையைக் கவனியுங்கள். பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது உங்களை விளிம்பை நோக்கித் தள்ளும் திசையிலிருந்து வீசும். பனிக்காலத்தில் அதே காற்று பனியை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கட்டிவைத்திருக்கும். கெட்டித் தரைபோலத் தெரியும், அடியில் ஒன்றுமிருக்காது.

சுவர்ல் ஹவ் கிட்டத்தட்ட ஓல்ட் மேன் உயரமே. நேரமும் வெளிச்சமும் இருந்தால் இங்கிருந்து வடமேற்கே பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிரேட் கார்ஸ் போய்வாருங்கள். 1944 அக்டோபர் 22 இரவு, மேகத்தில் வழிதவறிய ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று இங்கே மோதி அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். ஏழு பேர் கனடாக்காரர்கள். சக்கரச் சட்டத்தின் மிச்சமும் ஒரு சிலுவையும் கல்குவியலின் மேல் இருக்கின்றன. அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் கட்டம்: பிரிசன் பேண்ட் இறக்கம்

சுவர்ல் ஹவ் கற்கூம்பின் அருகிலேயே, நேர்கிழக்கில் இறக்கம் தொடங்குகிறது. வடக்கே சாய்ந்தால் கிரீன்பர்ன் பக்கச் செங்குத்து, தென்கிழக்கே சாய்ந்தால் கிரேட் ஹவ் பாறைகள். மூடுபனியில் திசைகாட்டியைக் கிழக்குக்கு வைத்துவிட்டுத்தான் முதல் அடி.

பாறைப் படிக்கட்டுகளாக இறங்கும் முதுகு இது. கயிறு வேண்டாம், கை வேண்டும். நடைக்கோல் வைத்திருந்தால் மடித்துப் பையில் செருகுங்கள். உயரமான படிகளில் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள்; உட்கார்ந்து சறுக்கினால் முதுகுப்பை பாறையில் இடித்து முன்னே தள்ளிவிடும். பாறை விளிம்பில் போய் நின்று அடுத்த அடி தெரியாவிட்டால் இரண்டு மூன்று மீட்டர் பின்வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் பக்கவாட்டில் எளிய வழி இருக்கும். நாற்பது நிமிடத்தில் சுமார் 615 மீட்டரில் சுவர்ல் ஹாஸ்.

நேரே எதிரில் வெதர்லம், 763 மீட்டர். இன்னும் 150 மீட்டர் ஏறும் தெம்பிருந்தால் போய்வர ஒன்றரை மணி நேரம். கட்டாயமில்லை. முழங்கால் நடுங்கினால் விட்டுவிடுங்கள்.

ஏழாம் கட்டம்: செப்புப் பள்ளத்தாக்கு

கணவாயில் வலப்பக்கம் திரும்பி லெவர்ஸ் வாட்டருக்கு இறங்குங்கள். 413 மீட்டரில் உள்ள இந்த ஏரியைக் கிழக்குக் கரையோரமாக, நீர் வலப்பக்கம் இருக்க, அணைவரை நடக்க வேண்டும். வழி ஈரச்சதுப்பு, நேரம் பிடிக்கும்.

அணைக்கு மறுபக்கம் மலையில் அரிவாளால் வெட்டியதுபோல ஒரு பிளவு தெரியும்: சைமன்ஸ் நிக். செப்புத்தாது நரம்பைத் தொடர்ந்து வெட்டிய இடம். அதைச் சுற்றி வேலி போட்ட ஆழ்குழிகள் உண்டு; தரை உள்ளேயே சரிந்த இடங்களும் உண்டு. வேலியைத் தாண்டவே கூடாது. குவாரியில் விழுந்தால் சரிவில் உருள்வீர்கள். இங்கே விழுந்தால் நேரே கீழே. அதனால்தான் குழிகள் இருக்கும் அந்த மறுபக்கத்துக்குப் போகாமல், அணையிலிருந்து நேரே அகன்ற பாதையில் இறங்கச் சொல்கிறோம்.

1599 வாக்கில் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கே தாது எடுத்து, உருக்குவதற்குக் கெஸ்விக் வரை கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜான் பாரட் நிர்வாகத்தில் தொழில் உச்சத்தைத் தொட்டது. இறங்கும் வழியில் தெரியும் செடி முளைக்காத கழிவுமேடுகள் அந்தக் காலத்தவை. உலோகம் கலந்த மண் என்பதால் புல் அதில் எளிதில் பிடிப்பதில்லை. பள்ளத்தாக்கின் அடியில் இளைஞர் விடுதியைத் தாண்டினால் வண்டித்தடம். மைனர்ஸ் பிரிட்ஜ் வலப்பக்கம் வரும், கடக்கத் தேவையில்லை. தடத்தோடு ஊருக்குள் போய்விடலாம்.

அணையிலிருந்து ஊர் வரை ஒரு மணி நேரம். கணுக்கால் சுளுக்கு இந்த எளிய தடத்திலும் நேரும். கடினமானது முடிந்துவிட்டது என்று கவனம் தளர்வதும், தளர்ந்த காலணிக் கயிறும்தான் காரணம். விடுதி அருகே நின்று கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

விபத்து நேர்ந்தால்

999 அழைத்துப் 'போலீஸ்' கேளுங்கள், பிறகு 'மவுன்டன் ரெஸ்க்யூ' என்று சொல்லுங்கள். வரைபடக் கட்ட எண், எத்தனை பேர், என்ன காயம், என்ன நிற உடை: இந்த நான்கையும் அழைக்கும்முன் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கிலும் குவாரிக் குழிகளிலும் சிக்னல் கிடைக்காது, முகட்டில் கிடைக்கக்கூடும். குரல் அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகக்கூடும். அதற்கு முன்கூட்டியே, வீட்டிலிருந்தே, ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். கைப்பேசியே இல்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலாக மூன்று விசில் கேட்டாலும் நிறுத்தாதீர்கள்; உங்கள் சத்தத்தை வைத்துத்தான் தேடி வருவார்கள். காயம்பட்டவரைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஈரத்தரைக்கும் உடம்புக்கும் நடுவே முதுகுப்பையை வையுங்கள். குளிர் தரையிலிருந்துதான் முதலில் ஏறும்.

ஊரில்

முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம்.

பேருந்துக்கு நேரமிருந்தால் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலய முற்றத்துக்குப் போங்கள். ஏரியின் எதிர்க்கரையில் 1872 முதல் வாழ்ந்து 1900இல் மறைந்த எழுத்தாளர் ஜான் ரஸ்கினின் கல்லறையில் உயரமான சிலுவை ஒன்று நிற்கிறது. பக்கத்துத் டில்பர்த்வெயிட் பச்சை சிலேட்டில் செதுக்கியது. வெளியே வந்ததும் ஊர்க் கூரைகளை நிமிர்ந்து பாருங்கள். இறவாணத்தில் பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை, முகட்டில் கையகலம். இந்தக் கல் ஒரே அளவில் பிளப்பதில்லை. அதனால் கிடைத்த பலகைகளையெல்லாம் அளவு வாரியாகப் பிரித்து, அதிக நீர் ஓடும் கீழ் வரிசைக்குப் பெரியதும் மேலே சிறியதுமாக வேய்ந்தார்கள். காலையில் மேடையில் பார்த்த பட்டறைகளில் சீவிய கல் வந்து சேர்ந்த இடங்களில் இந்தக் கூரைகளும் ஒன்று.